பில் போடும் கணிப்பொறியின் திரை இருண்டால்...

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதனால் கடைக் கணிப்பொறியில் விண்டோஸ் 11 ஏற்ற வேண்டிய நிலை நம்மில் பலருக்கும் வந்திருக்கிறது. பழைய இயந்திரம் அதற்கு ஈடுகொடுக்காத சிலர் உபுண்டு போன்ற லினக்ஸ் பக்கம் திரும்புகிறார்கள். எதை ஏற்றினாலும் நடுவில் ஒரு சங்கடம் நேரக்கூடும். விசிறி ஓடும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுத்துக் கிடக்கும். கடையில் கூட்டம் நிற்கும். பழுது பார்க்க வந்தவர், "ஃபார்மட் போட்டுவிடலாமா?" என்பார். நாமும் அவசரத்தில் தலையாட்டிவிடுகிறோம். நஷ்டம் அந்தத் தலையாட்டலில்தான் இருக்கிறது.

திரை இருண்டுவிட்டது என்றால் படம் திரைக்கு வந்து சேரவில்லை என்றுதான் பொருள். கடன் பாக்கியும் சரக்கு இருப்பும் பெரும்பாலும் வட்டில் அப்படியே இருக்கும். எந்தப் பகுதியில் ஏற்றுவது என்று கேட்கும் இடத்தில் 'டெலீட்' அல்லது 'ஃபார்மட்' என்பதை அழுத்தினால் அவை போய்விடும். ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவு, ஆண்டறிக்கை தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்கச் சொல்கிறது. கணிப்பொறி கெட்டுவிட்டது என்று அதிகாரியிடம் சொல்லித் தப்பிக்க முடியாது.

ஆகவே ஏற்றும் வேலையைத் தொடங்குமுன் கணக்கு மென்பொருளின் தரவு முழுவதையும் தனி வட்டில் நகல் எடுத்து, வேறொரு கணிப்பொறியில் திறந்து பார்த்துவிட வேண்டும். திறக்காத நகல் நகலே அல்ல. மாதாந்திர 3பி தாக்கல் செய்யும் 20-ஆம் தேதியை ஒட்டியோ, பண்டிகை வியாபாரத்தின் நடுவிலோ இந்த வேலையில் இறங்கவேண்டாம். யூபிஎஸ் அவசியம் இருக்கட்டும்.

இனி, திரை இருண்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் பொறுமை. விண்டோஸ் ஏறும்போது கணிப்பொறி தானாகவே சில முறை அணைந்து எழும். இடையிடையே திரை சில நிமிடங்கள் இருட்டாக இருப்பது இயல்புதான். வட்டின் விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் அரை மணி நேரம் கை வைக்காதீர்கள்.

பிறகும் வெளிச்சம் வராவிட்டால் கேபிளைப் பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் அட்டை உள்ள கணிப்பொறியில் திரையின் கேபிளை அந்த அட்டையில்தான் செருகவேண்டும். மானிட்டர் எச்டிஎம்ஐ, விஜிஏ இரண்டில் எதை எதிர்பார்க்கிறது என்பதையும் அதன் பொத்தானை அழுத்திப் பார்க்கலாம். நம் கடைகளுக்கே உரிய கோளாறு ஒன்றும் உண்டு. வாடிக்கையாளர் பார்க்க இரண்டாவது திரை வைத்திருப்போம், படம் அங்கே போய்விடும். அதைக் கழற்றிவிடுங்கள். பில் பிரிண்டர், பார்கோடு ரீடர் ஆகியவற்றையும் கழற்றி வைப்பது நல்லது.

மின்சாரம் கொடுத்ததும் தயாரிப்பாளரின் முத்திரைகூடத் தெரியவில்லையென்றால் குற்றம் விண்டோஸின் மேல் இல்லை. கேபிளோ, மானிட்டரோ, சரியாக உட்காராத ராம் அட்டையோ காரணமாக இருக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ராமைக் கழற்றித் துடைத்து மீண்டும் செருகினால் பல இயந்திரங்கள் எழுந்துவிடுகின்றன. முத்திரை தெரிந்து அதன்பின் இருண்டால் கிராஃபிக்ஸ் டிரைவரைச் சந்தேகிக்கலாம். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்தினால் அந்த டிரைவர் புதிதாகத் தொடங்கும். அதற்கும் மசியாவிட்டால், விண்டோஸ் முழுதாக ஏறி முடிந்த கணிப்பொறியாக இருந்தால் மட்டும், சேஃப் மோடில் நுழைந்து டிரைவரை மாற்றச் சொல்லுங்கள். உபுண்டுவில் ஏற்றும்போதே 'சேஃப் கிராஃபிக்ஸ்' என்ற வரி தெரியும், அதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

இத்தனைக்கும் பிறகு ஃபார்மட்தான் வழி என்றால், அதற்கு முன் வட்டைக் கழற்றி, யூஎஸ்பி பெட்டியில் பொருத்தி, வேறு கணிப்பொறியில் கணக்குகளை எடுத்துக்கொள்ளலாம். வட்டுப் பூட்டு போடப்பட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியும் தேவைப்படும். வேலைக்கு வருபவரிடம், "எங்களைக் கேட்காமல் எதையும் அழிக்கக்கூடாது" என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.