பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கலாம், வாரீயளா?

நவராத்திரிக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது நம்ம ஊர் வீடுகளில் பரணிலிருந்து டிரங்குப் பெட்டி இறங்கும். சுத்தி வச்ச பழைய வேட்டித் துணியைப் பிரிச்சா... செட்டியார் பொம்மைக்கு மூக்கில் பெயின்ட் உதிர்ந்திருக்கும். செட்டியாரம்மாவுக்கு ஒரு கண்ணைக் காணோம். "நீதான் நல்லா வரைவியே, இதுக்குக் கொஞ்சம் கலர் அடிச்சுக் குடேன்" என்று ஆச்சி உங்க தலையில் கட்டுவாங்க. நீங்களும் கேட்டுக்கு அடிச்சு மிச்சமான எனாமல் டப்பாவைத் தேடுவீங்க. நில்லுங்க பாஸ்! நாப்பது வருஷம் தாக்குப்பிடிச்ச முகம், ஒரே சாயங்காலத்தில் காலியாகிற இடம் அதுதான்.

சின்னப் பொம்மைக்குக் கலர் கொடுக்கிறது ஏதோ பொழுதுபோகாத வேலை என்று நினைக்காதீங்க. 'டைம் மெஷின்' கதை எழுதிய எச்.ஜி.வெல்ஸ், பொம்மைச் சிப்பாய்களை வச்சு யுத்தம் நடத்தும் விளையாட்டுக்கு 'லிட்டில் வார்ஸ்' என்று 1913-ல் ஒரு புத்தகமே போட்டார். 1983-ல் இங்கிலாந்தில் 'வார்ஹேமர்' வந்தது. மேஜை மேல் படைகளை நகர்த்தி ஆடும் அந்த விளையாட்டில், 28 மில்லிமீட்டர் உயரச் சிப்பாய்க்குக் கண்ணு, பெல்ட்டு, பூட்ஸ் கயிறு வரைக்கும் பெயின்ட் அடிக்கிறாங்க. நம்ம கொலுப்படிப் பொம்மை அதைவிடப் பெரிசு. அவங்க கத்துவச்சிருக்கிற வித்தை நமக்கும் அப்படியே உதவும். ஆனா பிரஷ்ஷைக் கையில் எடுக்கும் முன்னாடி மூணு கேள்வி கேட்டுக்குங்க. பொம்மை எதால் ஆனது? யார் கைக்குப் போகப்போகுது? கடைசியில் எங்கே போய்ச் சேரும்? எந்தப் பெயின்ட் என்பதை இந்த மூணும்தான் முடிவு பண்ணும்.

எதால் ஆனது?

சுட்ட மண், சுடாத மண், காகிதக்கூழ், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்... கொலுப் பொம்மையில் இத்தனை ரகம் உண்டு. காருகுறிச்சி மண்பானை மாதிரி சுட்ட மண் என்றால் பயமில்லை. சுடாத மண்ணும் காகிதக்கூழும் தண்ணி பட்டால் இளகிவிடும். பழைய பொம்மையைக் குழாயடியில் காட்டிக் கழுவுவது மகா பாவம்!

ஒரு சின்ன டெஸ்ட். ஈரப் பஞ்சால் பொம்மையின் முதுகுப் பக்கம், அடியில் ஓரிடத்தில் லேசாக ஒத்திப் பாருங்க. பஞ்சில் கலர் ஒட்டினால், அது தண்ணியில் கரையும் பசை கலந்த பழைய வர்ணம். அந்தப் பொம்மையைக் காய்ந்த மெத்து பிரஷ்ஷால் தூசி தட்டுவதோடு விட்டுருங்க. உதிர்ந்த இடத்துக்கு மட்டும் கலர் கொடுத்தால் போதும். முழுசாகத் திரும்ப அடிச்சா பொம்மை புதுசாகும். ஆனா அது ஆச்சியோட பொம்மையா இருக்காது.

கடையில் என்ன கேட்கணும்?

ஸ்டேஷனரிக் கடையில் மூணு சமாச்சாரம் கிடைக்கும். போஸ்டர் கலர் மலிவு. ஆனா காய்ந்த பிறகும் ஈரக்கை பட்டால் கரையும். எனாமல் கெட்டியாக ஒட்டும். ஆனா திக்காக இருக்கும், காயவும் ரொம்ப நேரமாகும், டர்பன்டைன் வாடை வேற. அது கேட்டுக்கும் ஜன்னலுக்கும் பிறந்தது! புதுசாக ஆரம்பிக்கிறவங்களுக்கு அக்ரிலிக்தான் சரி. தண்ணி கலந்து அடிக்கலாம், சீக்கிரம் காயும், காய்ந்தபின் கரையாது. சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, வெள்ளை, ஒரு பிரவுன்... ஆறு பாட்டில் இருந்தால் மிச்சத்தைக் கலந்து எடுத்துக்கலாம்.

பிரஷ்? பன்னண்டு உருப்படி செட் வாங்கி ஏமாறாதீங்க. நல்ல ரவுண்டு பிரஷ் ரெண்டே போதும். உடம்புக்கு 2-ம் நம்பர், முகத்துக்கு 0. நம்பர் குறையக் குறைய முனை நல்லாருக்கும் என்பது பொய். ரொம்பப் பொடிசான பிரஷ்ஷில் பெயின்ட் நிற்காது. பொம்மைக்குக் கொண்டுபோகும் முன்னாடியே காய்ந்துபோகும், அதுவும் நம்ம நெல்லை வெயிலில்! தண்ணியில் முக்கி ஒரு உதறு உதறுங்க. முடியெல்லாம் ஒண்ணுசேர்ந்து ஊசி மாதிரி நின்றால் வாங்கலாம்.

இன்னொண்ணு. 'கீரி முடி பிரஷ் சார், ஒரிஜினல்' என்று யாராவது நீட்டினால் தொடாதீங்க. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் கீழ் கீரி பாதுகாக்கப்பட்ட பிராணி. அந்த முடிக்காகக் கீரியைக் கொல்றாங்க. அந்த பிரஷ்ஷை விற்பதும் வாங்குவதும் குற்றம். நைலான் முடியே நமக்குத் தாராளம்.

பால் பதம்!

இனி வேலைக்கு வருவோம். தூசி தட்டியாச்சா? புதுப் பொம்மை என்றால் முதலில் ஒரு கோட் பிரைமர். இல்லாட்டி மண் பெயின்ட்டைக் குடிச்சிரும், பிளாஸ்டிக் பெயின்ட்டை உரிச்சிரும். பிறகு கலரில் தண்ணி விட்டுப் பால் பதத்துக்குக் கொண்டுவாங்க. தயிர் பதத்தில் ஒரே கோட் அடிச்சால் மூக்கு நுனி, உதட்டு விளிம்பு, புடவை மடிப்பு எல்லாம் மொழுக்குனு மூடிப்போகும். பால் பதத்தில் ரெண்டு கோட், நடுவில் காயவிடணும். உலகம் பூரா பொம்மை வரைகிறவங்க முதல் பாடமாகச் சொல்வது இதைத்தான்.

அடுத்து நிழல். அதே கலரில் கொஞ்சம் பிரவுன் சேர்த்து, நிறையத் தண்ணி விட்டு மேலே ஓடவிடுங்க. பள்ளத்தில் அது தானாகப் போய்த் தங்கும். மேடான இடத்தில் கொஞ்சம் வெளிச்சக் கலர். மடிப்பு சும்மா தூக்கிட்டு நிற்கும்!

கண் கடைசி. சிற்பிகள் கண் திறப்பதைக் கடைசிக்கு வைப்பாங்க இல்லையா, அதே முறை. வெள்ளை வச்சு நடுவில் கறுப்புப் புள்ளி குத்தினால், பொம்மை பேயைப் பார்த்த மாதிரி முழிக்கும். அதனால் முதலில் கறுப்பில் ஒரு நெல்மணி வடிவம் போடுங்க. அதுக்குள்ளே இடது, வலது ரெண்டு ஓரத்திலும் துளி வெள்ளை. நடுவில் மிச்சமிருக்கும் கறுப்பே கருவிழி. சுத்தி நிற்கும் கறுப்பு விளிம்பே மை!

பெயின்ட் தட்டிலேயே காய்ந்துபோகுதா? டிபன் பாக்ஸில் நனைச்ச ஸ்பாஞ்ச், அது மேல் பட்டர் பேப்பர். அதில் கலர் கலந்தால் சட்டென்று காயாது.

பிரஷ்ஷைத் தகரக் கழுத்துவரை முக்காதீங்க, மக்கில் தலைகீழாக நிறுத்தாதீங்க. வேலை முடிஞ்சதும் சோப்புப் போட்டுக் கழுவி, முனையை விரலால் கூர்மையாக்கிப் படுக்க வையுங்க. வாயில் வச்சுக் கூர்மையாக்குகிற பழக்கம் வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் கடிகார முகப்புக்கு ரேடியம் பெயின்ட் அடிச்ச பெண்கள் அப்படிச் செய்துதான் தாடை எலும்பு அரிச்சு இறந்தாங்க. 1920-களில் நடந்த கொடுமை அது.

சொப்பு வாயில் போகும்!

ரெண்டாவது கேள்வி, யார் கைக்கு? கொலுப் பொம்மையை யாரும் கடிக்க மாட்டாங்க. மேஜையில் விளையாடுகிற பொம்மையில் விரல் பட்டுக்கொண்டே இருக்கும். அதுக்கு மேலே வார்னிஷ் கட்டாயம். கைக்குழந்தை என்றால் கணக்கே வேற. அம்பாசமுத்திரம் மரச் சொப்பைப் பார்த்திருப்பீங்க. கடைசல் மெஷினில் சுழலும் மரத்தில் கலர் அரக்குக் குச்சியை அழுத்துவாங்க. உராயும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறும். பிரஷ்ஷும் இல்லை, தின்னரும் இல்லை. அரக்கு, பூச்சி தரும் பிசின்.

அதை விட்டுட்டுக் கையில் கிடைச்ச பெயின்ட்டைச் சொப்புக்கு அடிக்காதீங்க. பெயின்ட்டில் ஈயம் இருந்தால் குழந்தையோட மூளை வளர்ச்சியையே பாதிக்கும். வீட்டு, அலங்காரப் பெயின்ட்டுகளில் ஈயம் 90 பிபிஎம்-மைத் தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல் அமலில் இருக்கு. டப்பாவில் அது எழுதியிருக்கான்னு பாருங்க. பைக்குக்கு அடிக்கிற ஸ்ப்ரே இங்கே வேண்டாம்.

செஞ்சு விற்கிற ஐடியா இருக்கா? 2021 ஜனவரி முதல் குழந்தைகள் பொம்மைக்கு பி.ஐ.எஸ். முத்திரை கட்டாயம். அரசிடம் பதிவு செய்த கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. விசாரிச்சிட்டு இறங்குங்க.

ஆத்துக்குப் போகுமா?

மூணாவது கேள்விதான் நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியம். 2023 விநாயகர் சதுர்த்தி சமயம் பாளையங்கோட்டையில் செய்த பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பிள்ளையார் விவகாரம் உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போச்சு. 'விற்கலாம், ஆற்றில் கரைக்கக்கூடாது' என்று தனி நீதிபதி சொன்னார். மறுநாளே ரெண்டு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவுக்குத் தடை போட்டது. அதற்கடுத்த நாள் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. நெல்லையும் தூத்துக்குடியும் குடிக்கிற தண்ணி தாமிரபரணி. அதில் கரைவது நம்ம டம்ளருக்குத்தான் வரும்.

'அக்ரிலிக் தண்ணி பெயின்ட்தானே?' என்று கேட்காதீங்க. காய்ந்த அக்ரிலிக் என்பது மெல்லிய பிளாஸ்டிக் தோல். வருஷக்கணக்கில் படியில் நிற்கும் பொம்மைக்கு அதுதான் பலம். ஆத்துக்குப் போகும் பிள்ளையாருக்கு அதுவே வினை. அவருக்குச் சுடாத களிமண், காவிக்கல், மஞ்சள், அடுப்புக்கரி போதும். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் ஆரத்தித் தண்ணி மாதிரி சிவந்துவிடும். அதனால் வெள்ளையையும் மஞ்சளையும் தள்ளித் தள்ளி வையுங்க. வேட்டி சிவக்கணும் என்றால் வேணும்னே சேருங்க! மஞ்சள் வெயிலில் வெளுக்கும்தான். மூணு நாள் விருந்தாளிக்கு அது போதாதா?

முதல் பொம்மையில் கை நடுங்கும், கண்ணு மாறுகண்ணாகும். அதனால் ஆச்சி பொம்மையில் ஆரம்பிக்காதீங்க. ஒரு அகல்விளக்கு வாங்கி, அது மேல் பத்துக் கண் வரைஞ்சு பாருங்க. பதினொண்ணாவது கண் உங்களைப் பார்த்துச் சிரிச்சுதுன்னா... செட்டியாரம்மாவைப் பெட்டியிலிருந்து தூக்கலாம்!