மோட்டார் சைக்கிள் எஞ்சினில் எண்ணெய்க் கசிவு

சங்கத்திலிருந்து நூல் சிட்டங்களை வீட்டுக்குக் கொண்டுபோகவும், நெய்த துணியைத் திரும்பச் சேர்ப்பிக்கவும், தோட்டத்து விளைபொருளைச் சந்தைக்கு எடுத்துச் செல்லவும் நம் அங்கத்தினர் பலர் மோட்டார் சைக்கிளையே நம்பியிருக்கின்றனர். அவற்றுள் பழைய புல்லட் வண்டிகள் இன்னும் கணிசமாக ஓடுகின்றன. 1955ஆம் ஆண்டில் சென்னையில் இவ்வண்டிகளின் தயாரிப்பு தொடங்கியது முதல், 2010ஆம் ஆண்டையொட்டி வேறுவகை எஞ்சின் வரும்வரை, வார்ப்பிரும்புச் சிலிண்டர் கொண்ட அந்த 346 கன சென்டிமீட்டர் எஞ்சினின் அமைப்பு அடிப்படையில் பெரிதும் மாறவில்லை. ஆதலால் ஒரு வண்டியில் கற்றுக்கொண்டது பெரும்பாலும் மற்றொன்றுக்கும் பயன்படும்.

அண்மையில் ஒரு நெசவாளர் சங்கத்தில் கடன் மனுக்களைப் பார்வையிட்டபோது, எஞ்சினை முழுவதும் பிரித்து ரிப்பேர் செய்ய ரூ. 24,000 வேண்டும் என்று ஓர் அங்கத்தினர் எழுதியிருந்ததைக் கண்டோம். அவர் வண்டியில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் தொங்கிய பையின் அடியில் அது ஊறி, இரண்டு சேலைகளில் கறை படிந்துவிட்டது. அவை இரண்டாந்தரமாகத் தள்ளப்பட்டுக் கூலியும் குறைந்தது. கிராங்க் கேஸைப் பிளந்து பேக்கிங் மாற்றினாலொழிய வழியில்லை என்று பட்டறையில் கூறிவிட்டனராம். எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று அவரைக் கேட்டோம். “அடியிலிருந்துதான் ஐயா, கண்ணெதிரே சொட்டுகிறதே!” என்றார்.

இங்கேதான் பலரும் ஏமாறுகின்றனர். எண்ணெய் சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. எஞ்சினின் உச்சியில் கசியும் எண்ணெய் சிலிண்டரின் தகடுகள் வழியே இறங்கி, ஓட்டத்தில் எதிர்க்காற்று தள்ளுவதால் பின்னோக்கியும் பரவி, கடைசியில் அடிப்பாகத்தில் திரண்டு விழுகிறது. ஆகவே ஈரம் கண்ட இடங்களுள் மிக மேலாகவும் மிக முன்னாகவும் உள்ளதையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அதைக் காண எளிய முறை ஒன்றுண்டு. எஞ்சின் நன்றாக ஆறியபின் மண்ணெண்ணெயும் பழைய பிரஷும் கொண்டு அழுக்கைக் கழுவி, துணியால் ஒற்றி, முற்றிலும் உலரவிட வேண்டும். பிறகு இணைப்புகளின்மீது முகப்பவுடரை மெல்லத் தூவி, நாலைந்து கிலோமீட்டர் நிதானமாக ஓட்டிவந்து, நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வெண்மையான பரப்பில் கறுத்த கோடு ஒன்று ஓடியிருக்கும். அதன் மேல்முனையே கசிவின் பிறப்பிடம். கழுவாத எஞ்சினைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர் எத்துணை அனுபவசாலியாயினும் நாம் ஒப்புவதில்லை. கசிவது பெட்ரோலாகவும் இருக்கலாம். கார்புரேட்டரின் கீழே ஈரம் விரைவில் உலர்ந்து வாடையும் வீசினால், அது வேறு கதை. அப்போது பீடியையோ விளக்கையோ அருகில் கொண்டுபோகலாகாது.

இனி, பேக்கிங்கைக் குறைகூறுமுன் பார்க்க வேண்டியவை இரண்டு.

முதலாவது எண்ணெயின் அளவு. இந்த எஞ்சினில் எண்ணெய்க்குத் தனித் தொட்டி இல்லை. கிராங்க் கேஸின் வார்ப்போடு சேர்ந்த ஓர் அறையிலேயே அது நிற்கிறது. வண்டியைச் சில நாள் ஓட்டாமல் நிறுத்திவைத்தால், எண்ணெய் பம்பின் வழியே சிறுகச் சிறுகக் கசிந்து கிராங்க் சுழலும் அறைக்குள் இறங்கிவிடும். அந்நிலையில் அளவுக்குச்சியைப் பார்ப்பவர் எண்ணெய் குறைந்துவிட்டதென எண்ணி மேலும் ஊற்றுவார். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் இறங்கிய எண்ணெய் தன் அறைக்குத் திரும்ப, அளவு மிஞ்சி, உபரி வெளியே தள்ளப்படும். இந்தத் தவறை நாமே ஒருமுறை செய்து, ஒரு மாதம் கசிவைத் தேடி அலைந்தோம். எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓட்டி நிறுத்தி, சற்றுப் பொறுத்துப் பார்ப்பதே சரியான அளவு.

இரண்டாவது மூச்சுக்குழல். பிஸ்டன் கீழிறங்கும் ஒவ்வொரு தடவையும் தன் கீழுள்ள காற்றை அழுத்துகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் அழுத்தமும் 3,000 முறை நிகழும். அக்காற்று வெளியேறவே கிராங்க் கேஸில் மூச்சுக்குழல் வைத்திருக்கிறார்கள். அதன் நுனியில் வாத்தின் அலகு போன்ற ரப்பர் வால்வு ஒன்று இருக்கும். அது காற்றை வெளியே விடும், உள்ளே விடாது. ரப்பர் காய்ந்து ஒட்டிக்கொண்டாலும், குழல் மடிந்து அடைபட்டாலும், உள்ளே அழுத்தம் பெருகி, குற்றமற்ற பேக்கிங்கையும் மீறி எண்ணெயைப் பிதுக்கும். வால்வு பிளந்து போயிருந்தாலும் அழுத்தம் தணியாது. புதிய பேக்கிங் போட்டும் மறுவாரமே கசிகிறது என்று சலித்துக்கொள்வோர் முதலில் இதைப் பார்ப்பாராக.

மேற்சொன்ன அங்கத்தினரின் வண்டியில் இவ்விரண்டும் செம்மையாகவே இருந்தன. பவுடர் தூவி ஓட்டியபோது, ராக்கர்களுக்கு எண்ணெய் கொண்டுசெல்லும் மெல்லிய குழாய் சிலிண்டர் தலையில் இணையும் இடத்திலிருந்து கோடு புறப்பட்டிருந்தது. அவ்விணைப்பில் குழாய்க் கண்ணின் இருபுறமும் வாஷர்கள் உண்டு. செம்பு வாஷர்கள் பலமுறை இறுக்கப்பட்டால் கெட்டித்துப்போய், மேற்பரப்போடு ஒட்டிப் படிவதில்லை. மேன்மேலும் இறுக்கினால் போல்ட்டின் மரை போகுமேயன்றிக் கசிவு நிற்காது. புதிய வாஷர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிடில், பழையதைக் கம்பியில் கோத்து அடுப்புத் தணலில் மங்கிய செந்நிறம் வரும்வரை காய்ச்சித் தண்ணீரில் போட வேண்டும். எஃகை அவ்வாறு தோய்த்தால் இறுகும். செம்போ இளகும். பொற்கொல்லரைக் கேட்டால் இது அவருக்கு அன்றாடப் பாடம். பிறகு கருமையை உப்புத்தாளால் நீக்கித் திரும்பப் பொருத்தலாம். அவர் அப்படியே செய்தார்.

கறுத்த கோடு சிலிண்டரின் அடியிலுள்ள சிறிய டாப்பெட் மூடியிலிருந்து புறப்படுவதும் உண்டு. இம்மூடியை ஒரே நட் பிடித்திருக்கிறது. கசிகிறதே என்று அதை முறுக்க முறுக்க, மூடி நடுவில் குழிந்து ஓரம் தூக்கிக்கொள்ளும். மூடியைக் கழற்றி, தட்டையான கண்ணாடியின்மேல் உப்புத்தாளை விரித்து அதன்மீது மெல்லத் தேய்த்துப் பார்த்தால், பளபளக்காத இடமே பள்ளமென்று விளங்கும். விளிம்பு முழுவதும் ஒருசேரப் பளபளக்கும்வரை தேய்த்து, தூளைத் துடைத்து, புதிய பேக்கிங் வைத்து, சிறிய ஸ்பானரால் இதமாக இறுக்கினால் போதும். இடப்புறத்துச் சங்கிலிப் பெட்டியின் மூடிக்கும் ஒரே நட்தான். அங்கேயும் முரட்டுத்தனம் உதவாது. அதன் ரப்பர் வளையத்தை மாற்றுவதே முறை.

எல்லாக் கசிவும் வீட்டிலேயே தீரும் என்று நாம் கூறவில்லை. கழுவிப் பவுடர் தூவியும் கோடு கிராங்க் கேஸின் நடு இணைப்பிலிருந்தே புறப்பட்டால், அல்லது புகைக்குழாயில் நீலப்புகை இடைவிடாது வந்தால், எஞ்சினைப் பிரிக்கத்தான் வேண்டும். பின்சக்கர டயர்மீது எண்ணெய் படுமாயின் காரணம் தெரியும்வரை வண்டியை எடுக்கவே கூடாது; வளைவில் அது சறுக்கிவிடும்.

பத்து நாள் கழித்து அச்சங்கத்துக்கு மறுபடி சென்றோம். மனுவை அவர் திரும்பப் பெற்றிருந்தார். இரவில் வண்டியின் கீழே விரித்துவைத்த அட்டையையும் கையோடு கொண்டுவந்து காட்டினார். அதில் மிளகளவு புள்ளி ஒன்றே இருந்தது. அதுவும் டாப்பெட் மூடியின் நேர் கீழே. அடுத்த ஞாயிறு அதைக் கழற்றப் போவதாகச் சொல்லி, நம்மிடம் உப்புத்தாள் எந்த நம்பர் வாங்குவது என்று கேட்டார். 400ஆம் நம்பர் போதும் என்றோம்.