எஞ்சின் ஆறியிருக்கும்போதே போங்கள்

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கலாம் வாங்க – 6

ஆர்.சி., இன்ஷூரன்ஸ், வங்கிக் கடன் நிலுவை என்று காகிதங்களைச் சென்ற வாரம் பார்த்தோம். இனி வண்டியைப் பார்ப்போம். முதலில் டீசல் எஸ்.யூ.வி. ஸ்கார்ப்பியோ, எக்ஸ்யூவி 500, டஸ்டர், ஈகோஸ்போர்ட் எல்லாம் நம் ஊரில் அடிக்கடி கைமாறுபவை. பிள்ளை படிப்புக்கென்று சேர்த்ததையோ சீட்டு எடுத்த பணத்தையோ போட்டுத்தான் பலர் வாங்குகிறார்கள். வாங்கிய மூன்றாம் மாதமே எஞ்சினைப் பிரிக்க நேர்ந்தால், அந்தக் குடும்பம் எழுந்திருக்க நாளாகும்.

அதனால் போனிலேயே சொல்லிவிடுங்கள்: “நாங்க வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க சார்.” காலையில் போங்கள். பானட்டைத் திறந்ததும் எஞ்சின் பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம். தேய்ந்த டீசல் எஞ்சினின் குறைகளில் பல, நாளின் முதல் ஸ்டார்ட்டில்தான் வெளிப்படும். சூடேறிய பிறகு அதே எஞ்சின் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும்.

ஆறியிருக்கும்போது கூலன்ட் டப்பாவின் மூடியைத் திறக்கலாம் (சூடாக இருக்கும்போது தொடவே கூடாது, முகத்தில் பீறிட்டு அடிக்கும்). உள்ளே பச்சையோ சிவப்போ நீலமோ, நிறம் தெளிவாக இருக்க வேண்டும். துருப்பிடித்த தண்ணீர் என்றால் கூலன்ட் ஊற்றாமல் குழாய்த் தண்ணீரிலேயே ஓட்டியிருக்கிறார்கள். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஹெட் கேஸ்கெட்டோ ஆயில் கூலரோ போயிருக்கலாம். அந்த வண்டியை அங்கேயே விட்டுவிடுங்கள்.

சாவியை ஆன் செய்ததும் மீட்டரில் செக் எஞ்சின், ஆயில், ஏ.பி.எஸ்., ஏர்பேக் விளக்குகள் எரிந்து, பிறகு அணைய வேண்டும். எரியாத விளக்கைத்தான் கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டும். விடாமல் எரியும் விளக்கின் இணைப்பையே பிடுங்கிவிட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லி, நீங்கள் சைலன்ஸர் பக்கம் நில்லுங்கள். லேசான புகை வந்து சில நொடிகளில் நின்றால் கவலையில்லை. நீலப் புகை தொடர்ந்தால் ஆயில் எரிகிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் கரும்புகை தள்ளினால் இன்ஜெக்டர், இ.ஜி.ஆர்., டர்போ குழாய்க் கசிவு என்று காரணம் பலவாக இருக்கலாம்; சிலது சின்னச் செலவு, இன்ஜெக்டர் அப்படியல்ல.

அடுத்த சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். எஞ்சின் ஐடிலில் ஓடட்டும். ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, தலைகீழாக அந்த வாயிலேயே வையுங்கள். மூடி லேசாக அசைந்தால் பரவாயில்லை. தடதடவென்று ஆடி எகிறினால், வாயிலிருந்து புகை குபுகுபுவென்று வந்தால், பிஸ்டன் ரிங் தேய்ந்து எரிந்த வாயு கீழே இறங்குகிறது. மெக்கானிக்குகள் ‘பேக் கம்ப்ரஷன்’ என்பது இதைத்தான். கெட்டியான ஆயில் ஊற்றிக் கொஞ்ச நாளைக்குச் சமாளிக்கலாம். எஞ்சின் வேலை வந்தே தீரும். எஞ்சின் அறை முழுக்கத் தண்ணீர் அடித்துப் பளபளவென்று வைத்திருந்தாலும் எனக்கு உறுத்தும். ஆயில் எங்கே கசிகிறது என்பதைத் தூசிதான் காட்டிக்கொடுக்கும், அதைக் கழுவிவிட்டார்கள்.

டஸ்டர், ஈகோஸ்போர்ட் இரண்டின் 1.5 லிட்டர் டீசல் எஞ்சினிலும் டைமிங் பெல்ட் இருக்கிறது. ஓடும்போது அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பெல்ட் மாற்றிய பில்லைக் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். ஃபோர்டு 2021-இல் இந்தியச் சந்தைக்கான கார் தயாரிப்பை நிறுத்திவிட்டதால், ஈகோஸ்போர்ட், எண்டெவர் வாங்குவோர் தங்கள் ஊரில் உதிரிபாகம் எப்படிக் கிடைக்கிறது என்று முன்கூட்டியே விசாரிப்பது நல்லது.

ஓட்டிப் பார்க்கும்போது பாட்டை அணைத்துவிடுங்கள். டாப் கியரில் மெதுவாகப் போய் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்துங்கள். ஆர்.பி.எம். மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. எஞ்சினை அணைக்கும்போது கியர்பாக்ஸ் பக்கம் ‘கடகட’ என்று உதறினால் இரட்டை ஃப்ளைவீல் தேய்ந்திருக்கலாம். எக்ஸ்யூவி 500 போன்ற வண்டிகளில் கிளட்சோடு அதையும் மாற்ற நேர்ந்தால் செலவு பல மடங்காகும். ஸ்பீடு பிரேக்கரில் ‘டொக் டொக்’ கேட்டால் புஷ், பால் ஜாயின்ட், லிங்க் ராட் என்று தேடலாம். இவை எந்த ஊரிலும் சரிசெய்யக் கூடியவை, விலையைக் குறைத்துக் கேட்க உதவும்.

ஃபோர் வீல் டிரைவ் வண்டியா? நான்கு டயரும் ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். ஸ்கார்ப்பியோ போன்றவற்றில் 4 எச், 4 எல் இரண்டையும் போட்டுப் பார்த்து, மறுபடி 2 எச்-க்கு வருகிறதா என்றும் பாருங்கள். இதை மண் தரையில்தான் செய்ய வேண்டும். காய்ந்த தார்ச்சாலையில் போட்டுத் திருப்பினால் கியர்கள் முறுக்கிக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் தொடாமல் விட்டதால் இறுகிப்போனவை நிறைய உண்டு.

சென்னையின் 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளம் – தண்ணீரில் நின்ற வண்டிகள் ஏராளம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியைக் கழுவ யாருக்கும் தோன்றாது. சேற்றுக் கறையோ பூஞ்சை வாடையோ இருந்தால் வேண்டாம். வயரிங்கில் ஏறிய ஈரம் எந்த மாதம் எந்த மூலையில் வேலையைக் காட்டும் என்று மெக்கானிக்காலும் சொல்ல முடியாது.

கடைசியாக, வண்டியை லிஃப்ட்டில் ஏற்றுங்கள், உங்கள் மெக்கானிக்கின் பட்டறையில். கீழே சேஸிஸில் புதிய வெல்டிங்கோ, அங்கங்கே மட்டும் புதிய கறுப்பு பெயின்டோ இருந்தால் காரணம் கேளுங்கள். மீன் ஏற்றும் கடலோர ஊர்களில் ஓடிய வண்டியென்றால் சேஸிஸை ஸ்குரூ டிரைவரால் தட்டிப் பார்ப்பது அவசியம்; துரு உள்ளே தின்றிருந்தால் சத்தத்திலேயே தெரியும். ஸ்கேனர் மாட்டி எஞ்சின் கம்ப்யூட்டரில் பதிவான கிலோமீட்டரைக் காட்டச் சொல்லுங்கள். எல்லா வண்டியிலும் அது கிடைக்காது. கிடைத்து, மீட்டரோடு ஒத்துப்போகாவிட்டால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

(அடுத்த வாரம்: பெட்ரோல் ஆட்டோமேட்டிக்)