மீனும் பிராணிதான்: வாடகை வீட்டில் மீன்தொட்டி

வங்கிப் பணியில் இருப்போருக்கு வீடு என்பது பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்கு. இடமாற்ற ஆணை வந்துவிட்டால் பாத்திர பண்டங்களோடு குழந்தைகளின் ஆசைகளையும் மூட்டை கட்ட வேண்டியிருக்கும். எங்கள் இல்லத்தில் அந்த ஆசை, மூன்றடி நீளமுள்ள ஒரு மீன்தொட்டி.

புனே நகரில் இரண்டாம் மாடியில் குடியிருந்தபோது, வாடகை ஒப்பந்தத்தில் ‘வளர்ப்புப் பிராணிகள் வைத்திருத்தல் கூடாது’ என்றொரு வரி இருந்தது. நாய் குரைக்கும், பூனை திரைச்சீலையைக் கிழிக்கும். மீன் என்ன செய்துவிடப் போகிறது என்று நாங்களே பொருள் கூறிக்கொண்டோம். உரிமையாளரிடம் தெரிவிக்காமலேயே தொட்டியை ஒரு பழைய மேசையின்மீது அமர்த்தினோம்.

ஒரு வார இறுதியில் வெளியூர் சென்று திரும்பியபோது, கீழ்வீட்டார் படிக்கட்டிலேயே காத்திருந்தனர். மேசையின் ஒரு கால் சற்றே தாழ்ந்து, தொட்டியின் மூலையிலிருந்த சிலிக்கான் பசை விட்டுப்போயிருந்தது. இரவு முழுவதும் கசிந்த நீர் அவர்களது கூரை அலங்காரத்தைப் பாழாக்கியிருந்தது. மீன்களில் பாதியைக்கூடக் காப்பாற்ற இயலவில்லை. முன்பணத்தில் பெரும்பகுதி பழுதுபார்ப்புக்கே சென்றது. அதைவிட வருத்தியது உரிமையாளர் கூறிய ஒரு சொல்: “தொட்டி உடைவது யார் வீட்டிலும் நிகழலாம். என்னிடம் ஒரு வார்த்தை கூறியிருக்கலாமே.”

அச்சம் மீனைப் பற்றியதன்று

உரிமையாளர் அஞ்சுவது மீனுக்கன்று, நீருக்கு. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. மூன்றடி நீளமும், ஒன்றரையடி அகலமும், ஒன்றரையடி உயரமும் கொண்ட தொட்டி ஏறத்தாழ 190 லிட்டர் கொள்ளும். கண்ணாடி, சரளைக்கல், தாங்கி ஆகியவற்றையும் கூட்டினால், நான்கு பெரியவர்கள் இரவு பகலாக ஒரே இடத்தில் நிற்பதற்கு ஒப்பாகும். குடியிருப்புத் தளங்கள் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பாரத்தைத் தாங்குமாறு அமைக்கப்பட வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. பாரம் பரவலாக இருக்கையில் இது போதுமானது. ஒரே இடத்தில் குவியும்போது கவனம் தேவை.

மாறாக, இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட தொட்டி விளிம்புவரை நிரப்பினாலும் 57 லிட்டர்தான். கப்பி, மோலி போன்ற சிறு மீன்களுக்கு அதுவே தாராளம். வாடகை வீட்டுக்கு ஏற்றதும் அதுவே.

ஒப்பந்தத்தில் ஒரு வரி

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் கூறுவதால், நாட்டின் பல பகுதிகளிலும் 11 மாத ஒப்பந்தமே வழக்கம். மகாராஷ்டிரத்தில் ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ ஒப்பந்தத்தை எழுத்தில் பதிவு செய்வது கட்டாயம். குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்புப் பிராணிகளை ஒட்டுமொத்தமாகத் தடைசெய்யலாகாது என இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. எனினும், உரிமையாளரும் குடியிருப்பவரும் கையொப்பமிட்ட நிபந்தனை வேறு வகையானது. கையொப்பமிடும் முன்னர்ப் பேசித் தீர்ப்பதே அறிவுடைமை.

அடுத்த இடமாற்றத்தில் மும்பை செம்பூரில் வீடு பார்த்தபோது, “மீன்தொட்டியைப் பற்றி வாயே திறக்காதீர்கள்” என்றார் தரகர். இம்முறை நாங்கள் கேட்கவில்லை. உரிமையாளரான அம்மையாரிடம் புனேயில் நேர்ந்ததையும் மறைக்காமல் கூறினோம். அவர் உடனே மறுத்துவிட்டார். கைநழுவும் வீட்டை எண்ணி மகள் முகம் வாடினாள். மறுநாள் தொட்டியின் அளவு, நீரின் எடை, வைக்கவிருக்கும் இடம், சேதம் நேர்ந்தால் எங்கள் பொறுப்பு ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கொடுத்தோம். மூன்று நாள் கழித்து அழைப்பு வந்தது. ‘இரண்டடிக்கு மேற்படாத ஒரு மீன்தொட்டி மட்டும் அனுமதிக்கப்படும்’ என்ற வரி ஒப்பந்தத்தில் சேர்ந்தது.

கசியாமல் காக்க

* தொட்டியை வீட்டின் நடுவில் வைக்காமல், தூணோ உத்தரமோ உள்ள சுவரோரம் வைக்கவும். தாங்கி சமமாக உள்ளதா என்று ரசமட்டம் கொண்டு பார்த்து, தொட்டியின் அடியில் தெர்மாகோல் பலகை இடவும்.
* புதிய தொட்டியைப் பால்கனியிலோ குளியலறையிலோ நீர் நிரப்பி, இரண்டு நாள் வைத்துக் கசிவு பார்த்த பின்னரே உள்ளே கொணரவும்.
* காற்று பம்பை நீர்மட்டத்திற்கு மேலே வைக்கவும். கீழே இருந்தால், மின்சாரம் நின்றவுடன் குழாய் வழியே நீர் பின்னோக்கி வழியக்கூடும்.
* மின்கம்பி பிளக்கைவிடத் தாழத் தொங்கிப் பின்னர் மேலேறட்டும். வழியும் நீர் பிளக்கிற்குள் செல்லாமல் தரையில் சொட்டிவிடும்.
* குடிபுகும் நாளிலேயே அவ்விடத்தின் சுவரையும் தரையையும் தேதியுடன் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பவும்.

வீட்டுப் பொருள்களுக்குக் காப்பீடு எடுக்கும்போது, நீர்க்கசிவால் அண்டை வீட்டாருக்கு நேரும் சேதமும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டுப் பெறுவது நன்று.

மீண்டும் இடம் பெயரும்போது

தொட்டியை நீரோடு ஒருபோதும் தூக்கலாகாது, அடிக்கண்ணாடி தாங்காது. மீன்களைக் கடைக்காரர் துணையுடன் ஆக்சிஜன் நிரப்பிய பைகளில் கொண்டு செல்லலாம். வடிகட்டியின் பஞ்சைப் பழைய தொட்டி நீரிலேயே நனைந்தவாறு எடுத்துச் செல்லவும். நீரைத் தூய்மையாக்கும் நுண்ணுயிர்கள் அதில்தான் வாழ்கின்றன. அவை மடிந்தால் புதிய தொட்டி பக்குவப்பட நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். உடன்கொண்டு செல்ல இயலாவிடில் நண்பருக்கோ கடைக்கோ கொடுக்கலாம். ஏரியிலோ குளத்திலோ விடலாகாது. தொட்டிகளிலிருந்து சென்ற சக்கர் மீன், நம் நாட்டு நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலைகளையும் உள்ளூர் மீன்களையும் ஒருசேரப் பாழாக்கி வருகிறது.

செம்பூர் வீட்டை விட்டு நாங்கள் புறப்பட்ட நாளில், அம்மையார் தொட்டி இருந்த மூலையைக் குனிந்து நெடுநேரம் பார்த்தார். சுவரில் கறையில்லை. முன்பணம் முழுவதும் அன்று மாலையே எங்கள் கணக்கிற்கு வந்தது. அடுத்துக் குடிவருவோருக்காக அவர் ஆயத்தம் செய்திருந்த ஒப்பந்தத்தைக் கண்டோம். இரண்டடி மீன்தொட்டியைப் பற்றிய அந்த வரியை அவர் நீக்கவில்லை.