பதிவேட்டுப் பிழைக்கு இழப்பீடு: ஆறு ஆண்டுக் கெடு

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பதிவு செய்யப்பட்ட நிலத்துக்கு அரசின் பதிவேடே உரிமைச் சான்று. 1862இல் தொடங்கப்பட்ட நிலப் பதிவகம் யாரை உரிமையாளர் என்று பதிந்திருக்கிறதோ, சட்டப்படி நிலம் அவருடையது. பதிவேட்டுக்கு இத்தனை வலிமை தந்த அரசு, அதில் நேரும் பிழையால் நட்டப்படுவோருக்கு ஈடு செய்யும் பொறுப்பையும் ஏற்றுள்ளது. 2003 அக்டோபர் 13 முதல் நடைமுறையில் உள்ள 2002ஆம் ஆண்டு நிலப் பதிவுச் சட்டத்தின் எட்டாம் அட்டவணை அதற்கான விதிகளைச் சொல்கிறது.

பதிவேடு திருத்தப்பட்டதால் நிலத்தை இழந்தவர், பிழை இருந்தும் திருத்தம் மறுக்கப்பட்டதால் இழந்தவர், பதிவகம் தந்த வில்லங்க விவரத்திலோ நகலிலோ இருந்த தவற்றை நம்பி ஏமாந்தவர், பதிவகத்தில் ஒப்படைத்த ஆவணம் தொலைந்தோ அழிந்தோ போனவர் ஆகியோர் இழப்பீடு கேட்கலாம். இவர்களுள் பதிவேட்டுப் பிழை திருத்தப்படாததால் இழந்தவருக்கு, பிழையைத் திருத்துவதா வேண்டாமா என்ற முடிவு வந்த பிறகே பணம் கிடைக்கும்.

இந்த இழப்பீட்டைச் சட்டம் சாதாரண ஒப்பந்தக் கடனாகக் கருதுகிறது. எனவே 1980ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி கெடு 6 ஆண்டுகள். பிழை நடந்த நாளிலிருந்து அது தொடங்குவதில்லை. தனக்கு உரிமை உண்டு என்று அறிந்த நாள், அல்லது தன் தவறு இல்லாதிருந்தால் அறிந்திருக்கக்கூடிய நாள்தான் கணக்கு. வில்லங்க விவரத்தில் விடுபட்ட அடமானம் ஒன்றை அறியாமல் 2010இல் நிலம் வாங்கியவருக்கு 2019இல் அது தெரிய வந்தால், 2025 வரை அவகாசம் உண்டு. கடன் கொடுத்தவரின் கடிதம் 2012லேயே வந்தும் அவர் பிரிக்காமல் வைத்திருந்தால், அவகாசம் 2018லேயே முடிந்துவிட்டது என்ற வாதம் எழும். உரிமை எழும்போது 18 வயது நிரம்பாதவருக்கு, நிரம்பிய பின் 6 ஆண்டுகள் உண்டு.

கெடுவுக்குள் கேட்டாலும், மோசடியில் தமக்கே பங்கிருந்தவருக்கு எதுவும் கிடைக்காது. நட்டத்துக்கு முழுக் காரணமும் தம் கவனக்குறைவே என்றால் அப்போதும் கிடைக்காது. ஓரளவே காரணம் என்றால் அதற்கேற்பத் தொகை குறையும்.

தொகையைக் கணிப்பதிலும் காலம் குறுக்கிடுகிறது. பதிவேடு திருத்தப்பட்டால், திருத்தத்துக்குச் சற்று முன்பிருந்த நில மதிப்பு உச்சவரம்பு. திருத்தப்படாவிட்டால், பிழை நடந்த அன்றைய மதிப்புதான். விலை பலமடங்கு ஏறிய இடங்களில் இந்த வேறுபாடு மிகப் பெரிது. பதிவகத்தின் முடிவை ஏற்காதவர் நீதிமன்றத்தை நாடலாம்.

நிலத்தின் மீது விண்ணப்பம் வந்தால் மின்னஞ்சலில் எச்சரிக்கும் இலவசச் சேவையைப் பதிவகம் நடத்துகிறது. அதில் சேர்ந்து, முகவரி மாறும்போதெல்லாம் பதிவகத்துக்குத் தெரிவித்துவரும் உரிமையாளருக்கு, பிழையோ மோசடியோ நேர்ந்தால் செய்தி விரைவில் எட்ட வாய்ப்பு அதிகம்.