இரண்டாயிரம் போதும் என்றவர்

தனி ஆள் இதழ்கள் – 5

புதிதாகப் பத்திரிகை தொடங்குகிறவர்கள் முதல் இதழில் தவறாமல் ஒரு வேண்டுகோள் வைப்பார்கள். ‘நண்பர்களிடம் சொல்லுங்கள், ஆளுக்கு ஐந்து சந்தா சேர்த்துக் கொடுங்கள், நம் குடும்பம் பெருகட்டும்!’ 1959 ஜனவரியில் சென்னைத் திருவல்லிக்கேணியிலிருந்து வெளிவந்த ‘எழுத்து’ இதற்கு நேர் எதிரான ஓர் அறிவிப்போடு வந்தது. இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சடிப்பதாக இல்லை என்றது. வியாபாரம் தெரிந்தவர்கள் சிரித்திருப்பார்கள். ஆசிரியர் சி.சு. செல்லப்பாவோ அதைத் தீர யோசித்தே எழுதியிருந்தார்.

செல்லப்பாவுக்கு அப்போது வயது 46. சின்னமனூரில் பிறந்தவர், வத்தலக்குண்டு அவருடைய ஊர். ‘மணிக்கொடி’யில் சிறுகதை எழுதி வளர்ந்தவர். ‘தினமணி கதிர்’ அலுவலகத்தில் உட்கார்ந்து வாரப் பத்திரிகை எப்படித் தயாராகிறது என்பதையும் உள்ளே இருந்து பார்த்தவர். இன்றைய வாசகர்களுக்கு ‘வாடிவாசல்’ எழுதியவர் என்றால் சட்டென்று தெரியும்.

சென்ற வாரம் தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகையைப் பார்த்தோம். வாசகர்கள் அனுப்பிய கடிதங்களைப் படித்ததே தனக்கு ஒரு பெரிய கல்வியாக இருந்தது என்று காந்தி எழுதியிருக்கிறார். ஆனால் காந்திக்கு முன்னால் ஒரு சமூகம் ஏற்கெனவே இருந்தது. அதற்கு ஒரு வழக்கும் போராட்டமும் இருந்தன. பத்திரிகை வராவிட்டால் ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்க ஆள் இருந்தது. செல்லப்பாவுக்கு அப்படி எவரும் இல்லை. தமிழில் இலக்கிய விமரிசனத்துக்கென்று ஒரு மாதப் பத்திரிகை வேண்டும் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. தன் வாசகர் யார், எங்கே இருக்கிறார் என்பதை அவரேதான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

தேடல் தொடங்கியது அதற்குச் சில ஆண்டுகள் முன்னால். ஐம்பதுகளின் நடுவில் தமிழ்ச் சிறுகதை தேங்கிப் போய்விட்டதா என்று ஒரு விவாதம் ‘சுதேசமித்திரன்’ பக்கங்களில் நடந்தது. க.நா. சுப்ரமண்யமும் செல்லப்பாவும் அதில் முன்னால் நின்றார்கள். கல்கி, விகடன், குமுதம் எல்லாம் வீடுதோறும் போய்ச் சேர்ந்துகொண்டிருந்த காலம் அது. படிக்கிறவர்கள் பெருகினார்கள், படித்ததைப் பற்றிப் பேச மட்டும் ஓர் இடம் இல்லை. அந்த இடத்தைத் தானே போட்டுக் கொடுப்பது என்று செல்லப்பா முடிவு செய்தார்.

வரம்பு என்ன செய்தது?

உண்மையைச் சொன்னால், அந்த இரண்டாயிரம் வரம்பு இடிக்கும் நிலை ‘எழுத்து’வுக்கு வரவே இல்லை. வரம்பு போட்டதன் பலன் வேறு இடத்தில் கிடைத்தது.

முதலில், அது ஆசிரியரை ஒரு பெரிய பயத்திலிருந்து விடுவித்தது. லட்சம் பேருக்கு எழுதுகிறவர் ஒவ்வொரு பக்கத்திலும் ‘இது கடைசி வாசகருக்கும் புரியுமா, பிடிக்குமா?’ என்று கேட்டுக்கொண்டே எழுத வேண்டும். பத்துப் பக்க விமரிசனக் கட்டுரையை அங்கே போட முடியாது. ‘எழுத்து’வில் போடலாம். அடுத்த இதழில் அதற்கு எட்டுப் பக்க மறுப்பும் போடலாம்.

இரண்டாவது பலன் வாசகருக்கு. கடையில் தொங்கும் பத்திரிகையை வாங்குகிறவர் யாரென்று ஆசிரியருக்குத் தெரியாது. சந்தாதாரர் அப்படியில்லை. அவருடைய பெயரும் விலாசமும் ஆசிரியரின் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். மாதாமாதம் ராப்பர் ஒட்டி அந்தப் பெயரைக் கையால் எழுதுகிறவருக்கு, நாகர்கோவிலில் யார், தில்லியில் யார் என்பது மனப்பாடம் ஆகிவிடும். அந்தக் காலத்து மணியார்டர் பாரத்தின் அடியில் ஒரு சிறு கூப்பன் இருந்தது. பணம் அனுப்புகிறவர் அதில் நாலு வரி எழுதலாம். சிறுபத்திரிகை நடத்தியவர்களுக்கு அந்த நாலு வரி பணத்தைவிட முக்கியம். ‘போன இதழ் கட்டுரையில் எனக்கு உடன்பாடில்லை’ என்று ஒருவர் சந்தாவோடு சேர்த்து எழுதி அனுப்பினால், சண்டை போடவாவது ஆள் இருக்கிறது என்று ஆசிரியர் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஜனவரியில் படித்தவர் மார்ச்சில் எழுதினார்

‘எழுத்து’ முதல் இதழில் ந. பிச்சமூர்த்தியின் ‘பெட்டிக்கடை நாரணன்’ கவிதை வந்தது. யாப்புக்கு வெளியே கவிதை எழுதிப் பார்ப்பது பிச்சமூர்த்திக்குப் புதிதல்ல. 1934-லேயே ‘மணிக்கொடி’யில் ‘காதல்’ எழுதியவர். ஆனால் அந்த முயற்சி நடுவில் ஆண்டுக்கணக்கில் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது. ‘எழுத்து’ அதைத் திரும்பவும் நடு வாசலுக்குக் கொண்டுவந்தது.

நாகர்கோவிலில் துணிக்கடை நடத்திக்கொண்டிருந்த சுந்தர ராமசாமி அந்தக் கவிதையைப் படித்தார். சிறுகதைகள் எழுதி ஏற்கெனவே பெயர் எடுத்திருந்தவர் அவர். கவிதைப் பக்கம் போனதில்லை. மார்ச் இதழில் ‘உன் கை நகம்’ என்று ஒரு கவிதை வந்தது, எழுதியவர் பெயர் பசுவய்யா. அது சுந்தர ராமசாமி. ஒரு வாசகர் ஒரு கவிதையைப் படித்து, அசைபோட்டு, தானும் எழுதி, தபாலில் சேர்த்து, அது ஈய எழுத்தில் கோக்கப்பட்டு அச்சாகி வர இரண்டு மாதமே ஆகியிருக்கிறது.

வெங்கட் சாமிநாதன் வந்த வழி இன்னும் நேரானது. தமிழ்நாட்டுக்கு வெகு தொலைவில், வடக்கே அரசாங்க வேலையில் இருந்தவர். ‘எழுத்து’ படித்துவிட்டு ஒரு கடிதம் எழுதினார். செல்லப்பா அதை அச்சிட்டதோடு விடவில்லை, தொடர்ந்து எழுதச் சொன்னார். 1961-ல் ‘பாலையும் வாழையும்’ என்ற கட்டுரை வந்தது. அதன்பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் தமிழ்க் கலை, இலக்கிய உலகத்தைத் தூங்கவிடாத ஒரு விமரிசகர் அந்த வாசகர் கடிதத்திலிருந்து புறப்பட்டவர்தான்.

இலங்கையில் திருகோணமலையிலிருந்து தருமு சிவராமு என்ற இளைஞர் எழுதினார். 1960-ல் அவர் கவிதை ‘எழுத்து’வில் வந்தபோது அவருக்கு இருபது, இருபத்தொன்று வயதிருக்கும். பிறகு பிரமிள் என்ற பெயரில் நமக்குத் தெரிந்தவர். அவ்வளவு சிறிய வயதில், கடலுக்கு அப்பால் இருந்த அவரிடமிருந்து விமரிசனக் கட்டுரைகளையும் வாங்கிப் போட்டார் செல்லப்பா. வயது, ஊர், யார் சிபாரிசு என்று எதையும் பார்க்கவில்லை.

1962-ல் இப்படி வந்து சேர்ந்தவர்களில் 24 பேரின் 63 கவிதைகளைத் தொகுத்து ‘புதுக்குரல்கள்’ என்று புத்தகமாக்கினார். அதில் இருப்பவர்களின் ஊர்களைப் பார்த்தாலே போதும். திருவனந்தபுரத்திலிருந்து நகுலன், நாகர்கோவிலிலிருந்து பசுவய்யா, திருகோணமலையிலிருந்து சிவராமு. திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டு விலாசத்துக்கு வந்த தபால்கள் சேர்ந்துதான் தமிழ்ப் புதுக்கவிதை என்ற ஓர் இயக்கம் உருவானது.

பாராட்டுக் கடிதத்தை என்ன செய்வது?

எழுதுகிறவருக்கு வரும் கடிதங்களில் முக்கால்வாசி ‘நன்றாக இருந்தது’ ரகம். மனசுக்கு இதம், அவ்வளவுதான். அதற்குப் பதில் எழுதினால் ‘நன்றி’ என்று எழுதலாம், அதோடு பேச்சு முடிந்தது. மீதிக் கால்வாசியில்தான் பத்திரிகையின் எதிர்காலம் இருக்கிறது. அதில் ஒருவர் கேள்வி கேட்டிருப்பார், ஒருவர் மறுத்திருப்பார், ஒருவர் ‘நீங்கள் இன்னாரை ஏன் விட்டுவிட்டீர்கள்?’ என்று சண்டைக்கு வந்திருப்பார். செல்லப்பா இந்தக் கால்வாசியைப் பிடித்துக்கொண்டார். கேட்டவரையே எழுதச் சொன்னார். தன் கருத்துக்கு ஒத்துவராத கட்டுரைகளும் அவருடைய பத்திரிகையில் வந்தன. அவர் பிடிவாதக்காரர் என்பது ஊரறிந்த விஷயம். அந்தப் பிடிவாதத்தைத் தன் கட்டுரையில் காட்டினார், அடுத்தவர் பக்கத்தைப் பறிப்பதில் காட்டவில்லை.

வாசகரோடு உறவு வளர்க்க வேண்டும் என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். பொங்கல் வாழ்த்தும் நன்றி அறிவிப்பும் அதற்குப் போதாது. வாசகருக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும், அவரால் முடிகிற, அவர் மட்டுமே செய்யக்கூடிய வேலையாக. சில சமயம் அந்த வேலையை அவர் நம்மைவிட நன்றாகச் செய்துவிடுவார். அதைத் தாங்கிக்கொள்ளும் நெஞ்சு ஆசிரியருக்கு வேண்டும். ‘எழுத்து’வில் வளர்ந்த சிலர் பின்னாளில் செல்லப்பாவின் விமரிசன முறையையே கடுமையாகத் தாக்கினார்கள். அவர் அமைத்த மேடையில் பழகிய கைகள் அவை.

காகிதக்காரர் காத்திருக்க மாட்டார்

இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கணக்கைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையல்ல. காகிதம், அச்சகம், தபால் தலை ஆகிய மூன்று செலவும் மாதம் தவறாமல் வரும். சந்தா அப்படி வராது. சந்தா முடிந்தவருக்கு உடனே நிறுத்தவும் மனம் வராது. விளம்பரத்தை நம்பாத பத்திரிகையில் பள்ளம் விழுந்த இடத்தை ஆசிரியரின் வீட்டுப் பணம்தான் நிரப்ப வேண்டும். செல்லப்பா நிரப்பினார். ‘எழுத்து பிரசுரம்’ வெளியிட்ட புத்தகங்களைப் பையில் போட்டுத் தோளில் சுமந்துகொண்டு, ஊர் ஊராகக் கல்லூரிகளுக்குப் போய் ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் விற்றார். வாசகரைத் தேடிப்போவது என்பது அவர் விஷயத்தில் அலங்காரப் பேச்சில்லை. பஸ் ஏறிப் போனார்.

மாதப் பத்திரிகையாக ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடி, 1968-ல் காலாண்டிதழாகச் சுருங்கி, 119 இதழ்களோடு 1970-ல் ‘எழுத்து’ நின்றது. இதைத் தியாகக் கதையாகச் சொல்லிக் கண்ணீர் விடுவது நம் வழக்கம். அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. நஷ்டப்பட்டால்தான் தரமான பத்திரிகை என்று அடுத்து வருகிறவரும் நம்பிவிடுகிறார். வாசகர் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்த செல்லப்பா, தன் செலவுக்கு வரம்பு வைக்கவில்லை. சந்தாவை வைத்துக்கொண்டு எத்தனை பக்கம் தாங்கும், ஆண்டுக்கு எத்தனை இதழ் தாங்கும் என்ற கணக்கும் ஆசிரியர் வேலையில் சேர்ந்ததுதான்.

ஆனாலும் ‘எழுத்து’ தோற்றதா என்றால், 1968-ஐயும் 1970-ஐயும் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். 1968-ல் சேலத்திலிருந்து ‘நடை’ வந்தது. அதன் பின்னால் இருந்தவர் சி. மணி, ‘எழுத்து’வில் ‘நரகம்’ என்ற நெடுங்கவிதை எழுதியவர். ‘எழுத்து’வில் எழுதிவந்த ந. முத்துசாமியின் ‘காலம் காலமாக’ நாடகமும் அந்தக் காலத்தில்தான் வெளியானது. அவர்தான் பின்னாளில் கூத்துப்பட்டறை நாடகக் குழுவை உருவாக்கினார். 1970-ல் சென்னையில் ‘கசடதபற’ தொடங்கியபோது அதன் நண்பர் குழுவிலும் முத்துசாமி இருந்தார். செல்லப்பாவின் சந்தா நோட்டு கடைசிவரை பெரிதாக வளரவில்லை. ஆனால் அவருடைய வாசகர்கள் ஆளுக்கொரு பத்திரிகை தொடங்கினார்கள்.

தானாக எழுதி, தானாக வெளியிட்டு, தனக்கென்று வாசகரைச் சேர்க்க நினைக்கும் ஒருவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள மூன்று விஷயம் உண்டு. முதல் நூறு வாசகரைப் பெயர் சொல்லித் தெரிந்து வைத்திருங்கள், அடுத்த ஆயிரம் தானாக வரட்டும். மறுத்து எழுதுகிறவரிடம் ‘இதையே விரிவாக எழுதித் தாருங்கள்’ என்று கேளுங்கள், பாதிப்பேர் ஓடிவிடுவார்கள், மீதிப்பேர் உங்கள் சொத்து. மூன்றாவது, வரவையும் செலவையும் முதல் மாதமே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

மூன்றாவதைச் சரியாகச் செய்த ஒருவரை அடுத்த வாரம் சந்திக்கலாம். 1953-ல் வாஷிங்டனில், எந்தப் பத்திரிகையும் வேலை கொடுக்கத் தயாராக இல்லாத ஒரு நிருபர், 5,300 சந்தாதாரர்களோடு நாலு பக்க வாரப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். நிர்வாகத்தை மனைவி பார்த்துக்கொண்டார். 1971-ல் அவரே அதை நிறுத்தியபோது சந்தாதாரர்கள் சுமார் 70,000 பேர். பெயர் ஐ.எஃப். ஸ்டோன்.

(தொடரும்)