அறுபதில் வரும் நடுக்கம்

அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய பழைய புல்லட்டை ரயில் பார்சலில் ஏற்றி, வேலை பார்க்கும் ஊருக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. சென்னைத் திருவொற்றியூரில் 1955-இல் தொடங்கிய தொழிற்சாலையில் பிறந்த வண்டி, இப்போது புனேயின் விமான் நகரில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே நிற்கிறது. அதை நகர் ரோட்டில் ஓட்டும்போது எழும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: நாற்பதில் ஒழுங்காகப் போகிறது, அறுபதைத் தொட்டால் ஹேண்டில் படபடவென்று ஆடுகிறது, வேகம் இன்னும் கூடினால் அடங்கிவிடுகிறது.

ஏன் அறுபதில்? 3.25-19 டயர் போட்ட புல்லட் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர். அதாவது சக்கரம் நொடிக்கு எட்டு முறை சுற்றுகிறது. ஓடும் வண்டியின் ஃபோர்க், முன்சக்கரம், ஹேண்டில் மூன்றும் சேர்ந்த முன்பகுதிக்கும் தனக்கென ஒரு தாளம் இருக்கிறது. லேசாகத் தட்டிவிட்டால் அது இடமும் வலமுமாக நொடிக்கு ஆறு முதல் பத்து முறை ஆடும். ரிம்மில் சிறு கோட்டம் இருந்தாலோ, டயரின் ஒரு பக்கம் கனத்திருந்தாலோ, சுற்றுக்கு ஒருமுறை ஒரு தள்ளு விழுகிறது. ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் அது உயர உயரப் போவதுபோல, அறுபதில் இந்த இரண்டு தாளங்களும் பொருந்திவிடுகின்றன. ஸ்பீடோமீட்டர் முள்ளும் பெருக்கல் வாய்பாடும் சேர்ந்து ஒரு நோயின் காரணத்தைக் காட்டிவிடுவதை நினைத்தால் இன்றும் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

ஆனால் கோட்டமே இல்லாத சக்கரமும் சில வண்டிகளில் தானாக ஆடத் தொடங்கும். அங்கே குற்றவாளி ரப்பர். ஹேண்டில் சற்றுத் திரும்பியதும் டயரின் பக்கவாட்டு விசை அந்தக் கணமே பிறப்பதில்லை. டயர் தரையில் கொஞ்ச தூரம் உருண்ட பிறகே அது முழுதாக வந்து சேரும். இப்படித் தாமதித்து வரும் விசை, சக்கரத்தை நேராக்குவதற்குப் பதில், எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருக்கும் ஆட்டத்தை இன்னும் தள்ளிவிடுகிறது. அதற்கான ஆற்றல் வண்டியின் ஓட்டத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. பிரிட்டனின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபின் ஷார்ப் 1971-இல் வெளியிட்ட கணக்குகள், டயரின் இந்தத் தாமதத்துக்கும் நடுக்கத்துக்கும் உள்ள நெருக்கமான தொடர்பைத் தெளிவாக்கின.

விமான் நகரை ஒட்டியிருக்கும் லோஹகாவ் ஓடுபாதையில் இறங்கும் விமானங்களின் முன்சக்கரத்துக்கும் இதே ஆபத்து உண்டு. மோட்டார் சைக்கிளுக்கு ஷார்ப் கணக்குப் போடுவதற்கு முன்பே விமானப் பொறியாளர்கள் இதோடு மல்லுக்கட்டினார்கள். ஃபான் ஷ்லிப்பே, டீட்ரிஷ் என்ற இரு ஜெர்மானியர்கள், டயரை இழுத்துக் கட்டிய கயிறாகக் கற்பனை செய்து 1941-இல் இதை ஆராய்ந்தார்கள். சிறிய விமானங்களின் முன்சக்கரத்தில் இந்த ஆட்டத்தை அடக்கவென்றே ஒரு கருவி பொருத்தப்படுகிறது.

டயரில் காற்று குறைந்தால் அதன் சுவர் தளரும், தாமதம் நீளும். அதனால்தான் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் காற்றை அளக்க வேண்டும் என்கிறேன். இங்கேதான் ஊர் மாறியதன் விளைவும் தெரிகிறது. சென்னையில் 32 டிகிரி வெயிலில் முன்சக்கரத்துக்கு 20 பி.எஸ்.ஐ. அடித்ததாக வைத்துக்கொள்வோம். புனே கடல்மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரம். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், வெப்பம் மாறாவிட்டால், அளவி கிட்டத்தட்ட 21 காட்டும். டிசம்பர் விடியலில் புனே 12 டிகிரிக்கு இறங்கும்போதோ உள்ளிருக்கும் காற்று சுருங்கி, அதே டயர் 19-க்கும் கீழே வந்துவிடும். ஏப்ரல் பிற்பகலில் 38 டிகிரியில் 21-ஐத் தாண்டும். ஒரு துளி காற்றுகூடக் கசியாமலே மூன்று பி.எஸ்.ஐ. ஏறி இறங்குகிறது. காருக்கு இது பெரிதில்லை. இருபதை ஒட்டியே முன்டயரில் காற்று கேட்கும் புல்லட்டுக்கு இது ஏழில் ஒரு பங்கு. எல்லா வண்டிக்கும் ஒரே அளவாக 35 அடித்துவிடும் பஞ்சர் கடைகளும் உண்டு. அப்போது டயர் தரையைத் தொடும் பரப்பு சுருங்கி, சாலையின் ஒவ்வொரு குண்டும் குழியும் நேராக ஃபோர்க்குக்கு ஏறும். ஆகவே வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது, சொந்த அளவியால் அளப்பதே சரி. டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. பட்டன் தேயாத டயர்கூட வயதானால் இறுகிப்போயிருக்கும்.

காற்று சரியாக இருந்தும் ஆடினால், சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின்னால் ஒருவரை அழுத்தச் சொல்லி முன்சக்கரத்தைத் தூக்குங்கள். ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஓரிடத்தில் சிக்கி நின்றால், ஹேண்டில் திரும்பும் தண்டின் பேரிங்கான கோன் செட்டில் குழி விழுந்துவிட்டது. ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுக்கும்போது லொடலொடவென்றால் அது தளர்ந்திருக்கிறது. சக்கரத்தைச் சுழலவிட்டு, ஃபோர்க்கில் கட்டிய ஒரு குச்சியின் நுனிக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தால் கோட்டம் கண்ணுக்கே தெரியும்.

ஹேண்டில் மட்டும் வேகமாகப் படபடக்காமல், வண்டி முழுவதும் நொடிக்கு இரண்டு மூன்று முறை பாம்புபோல் வளைந்தால் கதை வேறு. அப்போது பின்டயரையும் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷையும் சந்தேகியுங்கள். புல்லட் ஸ்டாண்டர்டில் இரு டயரும் ஒரே அகலம் என்பது பெரிய வசதி. ஹேண்டிலை நேராக வைத்து, சக்கரங்களின் பக்கவாட்டில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அது நான்கு இடங்களில் தொட வேண்டும். தொடாவிட்டால் பின்சக்கரத்தின் இருபக்க அட்ஜஸ்டர்களும் ஒரே பல்லில் நிற்கின்றனவா என்று பாருங்கள்.

ஓடும்போது நடுக்கம் வந்துவிட்டால் பிரேக்கை அழுத்தாதீர்கள், ஹேண்டிலோடு மல்லுக்கு நிற்காதீர்கள். ஆக்சிலரேட்டரை மெல்லக் குறைத்து உடலை முன்னுக்குச் சாய்த்துக்கொள்ளுங்கள். பழைய புல்லட்டில் ஹேண்டில் நடுவே ஒரு திருகு இருக்கும். இறுக்கினால் உராய்வு கூடி ஆட்டம் நின்றுவிடும், பழுது மட்டும் அப்படியே இருக்கும். வேலை முடித்துக் கொடுக்கும் மெக்கானிக்கிடம் அந்தத் திருகை முழுக்கத் தளர்த்தி வைக்கச் சொல்லி, பிறகு வண்டியை ஓட்டிப் பாருங்கள்.